எழும்போது கேட்பது

புளியரை எடைமேடையில்
ராத்திரி டூட்டி எனக்கு.
அறுபது டன் வரை நிறுக்கும் மேடை;
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும்
அது ஒரு பாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள், பில் மிஷினுக்குப் பக்கத்தில்
மூன்று செங்கல் அடுக்கிய அளவில்
ஒரு தகரப் பெட்டி.
உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க்.
எந்த லாரி, எத்தனை மணிக்கு,
எவ்வளவு எம்-சாண்டோடு மலை ஏறியது
எல்லாம் அதில்தான்.

சாரல் பிடித்த வாரம்
பவர் சப்ளைக்குள் குளிர்காயப் போனது ஒரு பல்லி.
பல்லியும் போயிற்று, சப்ளையும் போயிற்று.
அன்றிலிருந்து என் ஞாபகம்தான் சாட்சி.
என் ஞாபகத்தை முதலாளி நம்பமாட்டார்.
நானும்தான்.

தென்காசியில் மைதீன் பாதுஷா கடை.
"கம்ப்யூட்டருக்குப் போடுறதையே போடுங்களேன்."
போடலாம்.
பெட்டிக்கு வெளியே கன்றுக்குட்டி மாதிரி
கட்டிப்போட வேண்டியிருக்கும்.
டிஸ்குகளுக்குப் பின்னால் மிச்சமிருப்பது
நாலு விரல் அகலம், அரைச்சாண் உயரம்.
விசிறி வைத்தது ஆகாது,
இங்கே அடிக்கும் மணல்தூசியை அது குடித்தே சாகும்.

போன வாரம் ஐந்து ஆம்பியர் ஒன்று வாங்கிப் போனேன்.
ஓடும் டிஸ்க் கேட்பது அரைதான்,
நாலுக்கு இரண்டு, சில்லறைக்கு இன்னும் ஒன்றரை.
தாராளம் என்று நினைத்தேன்.
சுவிட்சைப் போட்டதும்
நாலும் ஒருசேர மூச்சிழுத்தன,
நாலும் ஒருசேர விட்டுவிட்டன.
டிக்.
மறுபடியும் இழுத்தன. டிக்.

எழும்போது ஒன்றுக்கு இரண்டு வேண்டுமாம்.
எழுந்துவிட்டால் போதுமாம் அதில் கால்வாசி.
இதைப் பெட்டி மேல் யாரும் எழுதுவதில்லை.

"அப்ப இது பாருங்க, பத்து ஆம்பியர்,"
உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் கட்டி,
வெள்ளி எழுத்து.
கையில் வாங்கினேன்.
நிறுக்கிற கைக்குப் பொய் உடனே தெரியும்.
பக்கத்துப் பலசரக்குக் கடையில்
சீரகம் நிறுக்கும் தராசில் வைத்தேன்:
நூற்றுப் பத்து கிராம்.
பத்து ஆம்பியருக்கு இதில் செம்பு எங்கே அண்ணாச்சி?

பாதுஷா சிரித்தார்.
கறுப்பை உள்ளே தள்ளிவிட்டு
அடித்தட்டிலிருந்து வேறொன்று எடுத்தார்.
துளை போட்ட தகர மேனி, விசிறி கிடையாது,
முந்நூற்று நாற்பது கிராம்,
எழுதியிருந்தது ஆறு, கொடுப்பதும் ஆறு.
எனக்கு வேண்டியது எட்டுக்கு மேல்.
ஆனாலும் வாங்கினேன்.
பொய்ப் பத்தோடு ராத்திரி முழுக்க
தனியே உட்கார முடியாது.

திரும்பும் பஸ் கோட்டைவாசலில் நின்றுவிட்டது.
மழையில் எங்கோ ஒரு மரம் சாய்ந்திருக்கிறது.
முன்னால் ஏழெட்டு லாரி, ஏற்றத்தில், பாரத்தோடு.
நின்ற வண்டி நகரும்போது போடும் கூச்சல்
ஓடும் வண்டி போடுவதில்லை.
விசிலோடு நின்ற போலீஸ்காரர்
ஒன்றை விட்டார்.
அது வளைவு தாண்டும் வரை கை காட்டினார்.
அப்புறம் அடுத்தது.
ரோடு அதே ரோடுதான்.

கூண்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன்.
பச்சைப் பலகை ஓரத்தில்
அரிசி அளவு ஒரு ஜம்பர்,
இத்தனை வருஷம் சும்மா இருந்தது.
புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து
பக்கத்து ஊசிகளில் செருகினேன்.
ஒவ்வொன்றாக எழுப்பு என்று அர்த்தம்.
இப்போது கணக்கு ஆறுக்குள் அடங்கிவிட்டது.
சப்ளையின் ஒரு காது மட்டும் இடித்தது.
அரம் போட்டேன்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போய்
பன்னிரண்டுக்கு வந்தது.
மேடை மேல் புனலூர் வண்டி, மழை ஒழுக.
பிஜுமோன் ஜன்னலைத் தட்டுகிறார்:
"சேச்சி, எத்ரயாயி?"
ஒன்று சுழன்று சீராகிவிட்டது.
இரண்டாவதும்.
மூன்றாவது இப்போதுதான் முனகுகிறது.

கொஞ்சம் பொறுங்க, பிஜுமோன்.
இன்னும் ஒருத்தர் எழுந்திருக்கணும்.